களைக்கொல்லி தாங்கும் பாசுமதி நெல்

பூசா பாசுமதி 1979, பூசா பாசுமதி 1985 ஆகியவை இமாசிதாபைர் களைக்கொல்லியைத் தாங்கி வளரும் நெல் இரகங்கள். தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இவை 2021இல் வெளியிடப்பட்டன. பிற உயிரினத்தின் மரபணு எதுவும் இவற்றில் சேர்க்கப்படவில்லை.

தேவை: நாற்று நடும் வயலில் தேங்கும் நீரே களையை அடக்கிவிடும். நேரடி விதைப்பில் தண்ணீரும் நடவுக்கூலியும் மிச்சம். ஆனால் நெல்லோடு களையும் முளைத்துவிடும். அதனால், களையை மட்டும் அழித்துப் பயிரை விட்டுவைக்கும் மருந்து வேண்டியிருந்தது.

தோற்றம்: வறட்சி தாங்கும் பழைய இரகமான நாகினா 22இன் விதைகள் ஈ.எம்.எஸ். என்னும் வேதிப்பொருளில் நனைக்கப்பட்டு, சடுதிமாற்றத்துக்கு உள்ளாக்கப்பட்டன. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 1,00,000 விதைகளைச் சோதித்ததில், மருந்துக்குத் தப்பிய செடி கிடைத்தது. அங்கு நெல் ஆராய்ச்சியாளராக இருந்த எஸ். ராபின் பெயரால் அது 'ராபின்' எனப்படுகிறது. இமாசிதாபைர், ஏ.எச்.ஏ.எஸ். என்ற நொதியை முடக்கும். வேலின், லியூசின், ஐசோலியூசின் ஆகிய அமினோ அமிலங்களை ஆக்க முடியாமல் களை மடியும். ராபினில் அந்த நொதிக்கான மரபணு மாறியிருப்பதால் மருந்து அதில் பிடிப்பதில்லை.

குறிப்பான்வழித் தேர்வு: தப்பிய செடியை அறிய மருந்து தெளித்தாலே போதும். பாசுமதியின் மணத்தையும் நீண்ட அரிசியையும் இழக்காமல் அந்த ஒரு மரபணுவை மட்டும் கொண்டுவருவதுதான் கடினம். பூசா பாசுமதி 1121இன் அரிசி 8 மி.மீ.க்கு மேல் நீளும். வெந்தால் 20 மி.மீ.ஐத் தாண்டும். எனவே ராபினை பூசா பாசுமதி 1121, 1509 இரகங்களுடன் கலந்து, சந்ததிகளை மீண்டும் மீண்டும் தாய் இரகத்துடனேயே பிற்கலப்புச் செய்தனர். 2ஆம் குரோமோசோமில் இம்மரபணுவுக்கு அருகிலுள்ள ஆர்.எம். 6844 என்ற டி.என்.ஏ. குறிப்பான், மாற்றத்தைச் சுமக்கும் நாற்றுகளைக் காட்டிக்கொடுத்தது. மற்ற குரோமோசோம்களின் குறிப்பான்கள், பாசுமதியின் பங்கு அதிகம் மீண்ட செடிகளைப் பொறுக்கியெடுக்க உதவின. 1121 வழியில் 1979உம், 1509 வழியில் 1985உம் பிறந்தன.

கோதுமை: 'ஃபிடெல்' என்ற பிரெஞ்சுக் கோதுமையின் விதைகளை சோடியம் அசைடால் மாற்றிப் பெற்ற, இதே வகை மருந்தைத் தாங்கும் செடி பற்றி 1992இல் அறிவிக்கப்பட்டது. நெல்லில் ஏ.எச்.ஏ.எஸ். நொதிக்கான மரபணு ஒன்றே. கோதுமையின் மூன்று மரபணுத்தொகுதிகளிலும் ஒவ்வொன்று உண்டு. ஒன்று மட்டும் மாறினால் தாங்குதிறன் குறைவு. ஆகவே, ஒரே செடியில் மாறிய மரபணுக்கள் இரண்டு சேர்ந்தனவா என்பதை அறியக் குறிப்பான் இன்னும் அவசியமாகிறது.

எச்சரிக்கை: கோதுமை வயலின் 'குல்லி தண்டா' களை, 1990களில் அரியானாவில் ஐசோபுரோட்டுரான் களைக்கொல்லிக்கு மசியாமல் போனது. அதற்கு மாற்றாக வந்த மருந்துகளுள் ஒன்றான சல்போசல்பியூரான் தாக்குவதும் ஏ.எச்.ஏ.எஸ். நொதியைத்தான். இந்த இரக நெல்லிலும் அடுத்து வரும் கோதுமையிலும் ஒரே நொதியையே ஆண்டுதோறும் தாக்கினால், எதிர்ப்புத்திறன் பெற்ற களைகள் பெருகும். களைநெல்லுடன் கலப்பு நேர்ந்தால் மாறிய மரபணு அதற்கும் போகலாம். மருந்தையும் பயிரையும் சுழற்சி முறையில் மாற்றினால்தான் இந்த இரகங்களின் பயன் நீடிக்கும்.