இறப்பை இழந்த வீரர்கள்

1938ஆம் ஆண்டு, பத்து சென்ட் விலையுள்ள 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினான். 1992 நவம்பரில் அவன் போரில் மாண்ட இதழை வாங்க அமெரிக்க மக்கள் கடைகளில் வரிசையில் நின்றனர். மறு ஆண்டே அவன் மீண்டு வந்தான். 1987இல் நடந்த ஸ்பைடர்மேன் திருமணம், 2007இல் நடவாததாக மாற்றப்பட்டது. 2011இல் டி.சி. நிறுவனம் 52 தொடர்களை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கிற்று. 904 இதழ் கண்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' கூட இதற்கு விலக்கன்று.

நெடுநாள் வாசகர் சோர்ந்தமைக்கு அவர்தம் முதுமையே காரணம் என்பாருமுளர். அஃது ஓரளவே உண்மை. மாண்டவன் மீள்வது உறுதியெனின் அவன் தியாகத்திற்குப் பொருளேது? தாம் பல்லாண்டு நினைவிற் காத்த கதை நிகழவே இல்லை என்று கேட்டவர், அடுத்த கதையை எங்ஙனம் நம்புவர்?