இறந்து 200 வருஷமாகியும் செல்லுபடியான ராஜா... கிரேக்க வெள்ளிக்காசு சொல்லும் கதை!

ராஜா போனால் அவர் பேர் போட்ட காசும் போய்விடும். அதுதானே வழக்கம்? ஆனா, அலெக்சாண்டர் விஷயத்துல கதையே வேற. கி.மு. 323-ல் பாபிலோனில் அவர் இறந்துபோனார். அதற்கப்புறம் 200 வருஷத்துக்கும் மேல கிரேக்க நகரங்கள் அவர் பேரிலேயே வெள்ளிக்காசு அடிச்சாங்க. கருங்கடல் ஓரத்து ஒடெஸ்ஸோஸ் நகரம் (இன்றைய பல்கேரியாவின் வர்ணா) கி.மு. முதல் நூற்றாண்டிலும் இதை நிறுத்தவில்லை.

ராஜவிசுவாசமா? இல்லை, மார்க்கெட்!

அந்தக் காசின் பெயர் டெட்ராடிராக்மா. 'டெட்ரா' என்றால் நாலு. அதாவது, நாலு திராக்மா மதிப்பு. எடை சுமார் 17 கிராம். நம்ம நகைக்கடைக் கணக்குல ரெண்டு பவுனுக்கும் மேல! ஒரு பக்கம் சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ் தலை. மறுபக்கம் கையில் கழுகோடு உட்கார்ந்திருக்கும் ஸியூஸ், கூடவே 'அலெக்சாண்டருடையது' என்ற எழுத்து.

கூலிப்படை வீரனுக்கும் வெளியூர் வியாபாரிக்கும் இது பழகிய முகம். எடையும் வெள்ளியும் சரியா இருக்கும்னு நம்பி வாங்குவாங்க. புது டிசைன் போட்டால் அந்த நம்பிக்கையை முதல்ல இருந்து சம்பாதிக்கணும்.

நகரத்தோட கையெழுத்து எங்கே?

ஸியூஸுக்கு முன்னால் ஒரு குட்டி முத்திரை இருக்கும். ரோட்ஸ் தீவு போட்டது ரோஜா. காரணம், கிரேக்கத்தில் ரோஜாவுக்குப் பெயரே 'ரோடோன்'. கியோஸ் தீவு போட்டது சிறகுள்ள ஸ்ஃபிங்ஸ்.

சொந்த முகம்

கி.மு. 2-ம் நூற்றாண்டில் பல நகரங்கள் சொந்த டிசைனுக்கு மாறின. காசு அகலமாச்சு, மெலிசாச்சு. பின்பக்கப் படத்தைச் சுற்றி இலை மாலை வந்தது. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கியூமே, தன் பெயரையே கொண்ட அமேசான் வீராங்கனையின் தலையை முன்பக்கம் பொறித்தது. ஏதென்ஸ் காசில் ஜாடி மேல் ஆந்தை நிற்கும். அதிகாரிகளின் பெயர்களும் இருக்கும். பல காசுகளில், ஜாடியிலுள்ள ஒரு எழுத்து எந்த மாசம் அடிச்சதுன்னு சொல்லிடும். ஆனா, எடை மட்டும் பழைய கணக்கை ஒட்டியே இருந்தது. முகத்தை மாத்தலாம், எடையில கை வெச்சா நம்பிக்கை போயிடுமே!

எல்லாமே கை வேலை. வெள்ளி வில்லையை ரெண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து சுத்தியலால் ஓங்கி அடிப்பாங்க. அதனால் ஒரு காசு மாதிரி இன்னொன்று அச்சு அசலா இருக்காது.

போலிகளும் அப்பவே உண்டு. உள்ளே செம்பு, மேலே வெள்ளி முலாம். சந்தேகம் வந்தால் காசை உளியால் வெட்டிப் பார்ப்பாங்க. அந்த வெட்டுத் தழும்பு இன்றும் பல காசுகளில் இருக்கு.

அடுத்த முறை பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆன்லைன் கலெக்‌ஷனில் அலெக்சாண்டர் காசைப் பார்த்தால், ஸியூஸுக்கு முன்னால் ஸூம் பண்ணுங்க. ராஜா பேருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஊர் அங்கேதான் இருக்கும்!