தோட்டம் என்னும் சொல்

ரிஷிவந்தியத்தில் எங்கள் ஆயா பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒருநாளும் வீணாக்கியதில்லை. கொல்லையில் இருந்த அவரைப் பந்தலுக்கும் முருங்கைக்கும் அதுதான் பாசனம். காசில்லாத நாட்களில் குழம்புக்கான காய் அங்கிருந்தே வந்தது. ஆனாலும் அவரை யாரும் விவசாயி என்று சொன்னதில்லை. கொல்லை வேலை வீட்டு வேலையோடு சேர்ந்துவிட்டது.

நகரத்துப் பசியைத் தோட்டத்தால் தீர்க்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்குக் கொழும்பு நினைவுக்கு வருகிறது. அங்கே நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைச் சிங்களத்தில் ‘வத்த’ என்பார்கள். தோட்டம் என்று பொருள். சுவரோடு சுவர் ஒட்டிய அவ்வீடுகளுக்கு இடையே மிளகாய்ச் செடி வைக்கவும் மண் இராது. 2022 ஜூனில் இலங்கை அரசு, எரிபொருளும் உணவும் தட்டுப்பட்ட நிலையில், அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து வீட்டுத் தோட்டம் போடச் சொன்னது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காடு. முற்றம் உள்ளவர்கள் பயிரிடலாம். தினக்கூலிக்குப் போகும் வத்தப் பெண்ணுக்கு விடுமுறையும் இல்லை, முற்றமும் இல்லை.

நிலம் இல்லாதவர்களுக்கு நிலத்தைக் காட்டிய நகரமும் உண்டு. 1893இன் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தவர்களுக்காக, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மேயர் ஹேசன் பிங்கிரி 1894இல் காலி மனைகளைத் திறந்துவிட்டார். உருளைக்கிழங்கு விளைந்தது, பல குடும்பங்கள் சாப்பிட்டன. ஆனால் மனைகள் இரவல்தான். இரவல் மண்ணில் ஒரு பருவத்துப் பசி ஆறும். அடுத்த பருவம் உடையவரின் மனதைப் பொறுத்தது.

கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் இதில் ஒரு படி முன்னே போனார்கள். சிறு குழுக்களாகச் சேர்ந்து, தரிசாகக் கிடந்த நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து, நெல்லும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். வீட்டுத் தேவை போக மிச்சத்தை விற்கிறார்கள். குழுவாக இருப்பதால் வங்கிக் கடன் கேட்க முடிகிறது. அங்கே இந்த உழைப்புக்குக் கணக்கு இருக்கிறது, வருமானம் இருக்கிறது. குத்தகையும் சொந்தமாகாதுதான், ஆனால் நிலக்காரரிடம் பேசப் போகிறவள் தனியாகப் போவதில்லை.

ஆகவே சமுதாயத் தோட்டம் என்று யாராவது விதைப் பொட்டலத்தோடு வந்தால், நாம் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: மண் யார் பெயரில்? தண்ணீர் எங்கிருந்து? தினமும் அதை ஊற்றப்போவது யார், அந்த நேரத்துக்கு என்ன கூலி?

எங்கள் ஊர்க் கோயிலில் இறைவன் அர்த்தநாரீஸ்வரர். உடம்பில் பாதி அம்மைக்கு. ஆயாவின் கொல்லைக்குப் பட்டா முழுக்கத் தாத்தா பெயரில் இருந்தது.