கருவும் கலையும்: ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’

தைப்பூசத்திற்கு முதல்நாள் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி இரதம், சைனாடவுன் கியோங் சைக் சாலையில் 1925ஆம் ஆண்டு எழுந்த லயன் சித்தி விநாயகர் ஆலயத்திற்குச் செல்வது சிங்கப்பூரர் அறிந்த வழக்கம். நகரத்தாரின் இவ்வழிபாட்டு மரபு நிலைத்திருக்கிறது. ஆயின், சைனாடவுனை அடுத்த மார்க்கெட் ஸ்திரீட்டில் அவர்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் மறைந்துவிட்டன. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் படிநிலையில் இயங்கிய அக்கடை வாழ்வை அறிய விழைவோர் புனைகதையையும் நாட வேண்டியுள்ளது. அவ்வகையில் முதன்மையானது, பினாங்கைக் களமாகக் கொண்ட ‘கடலுக்கு அப்பால்’ (1959).

சிங்காரம் 1938இல் மேடானுக்குச் சென்று வட்டிக்கடையில் பணியாற்றியவர். 1946இல் தாயகம் திரும்பியவர். அவர் தேர்ந்த கரு வலிமையானது. இந்திய தேசிய இராணுவத்தில் போரிட்ட செல்லையா மீண்டும் கடைக்கணக்கு எழுத வருகிறான். துப்பாக்கி ஏந்தியவன் பெட்டியடிக்குப் பொருந்தமாட்டான் என்பது முதலாளி வானாயீனாவின் முடிவு. விடுதலைப் போரும் வட்டித்தொழிலும் ஒருவன் வாழ்வில் மோதும் இக்கரு, தமிழ் நாவலுக்குப் புதியது.

எனினும், எழுத்து அக்கருவிற்கு ஈடுகொடுக்கவில்லை என்பதே நம் கணிப்பு. முதலாளியின் மகள் மரகதத்தின் மீதான காதலே கதையின் அச்சாகிவிடுகிறது. அதனால் தொழிலறத்திற்கும் வீரனின் தன்மதிப்பிற்கும் இடையிலான முரண், பெண் கொடுக்க மறுக்கும் தந்தை என்ற பழகிய வாய்பாட்டுள் சுருங்குகிறது. செல்லையாவின் அகமாற்றமும் செயலில் விளைவதைவிட, நண்பன் மாணிக்கத்தின் ஆறுதலுரையில் சொல்லப்படுவதே மிகுதி. கலைமகள் நாவல் பரிசு பெற்ற இந்நூலில், அக்கால இதழ்வாசகர் பழகியிருந்த காதற்கதை மரபின் சாயல் தெளிவாகத் தெரிகிறது.

குறை கருவினது அன்று என்பதற்கு அவரது அடுத்த நாவலே சான்று. 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ அதே போர்க்காலத்தையும் அதே வணிகச் சூழலையும் மீண்டும் கையாள்கிறது. அங்குக் காதல் விலக, அங்கதமும் நனவோட்டமும் பன்மொழிப் பேச்சும் களத்தை ஆள்கின்றன. பொருள் மாறவில்லை, சொல்முறை மாறியது.

புலம்பெயர் இலக்கியத்தை மதிப்பிடும் நாம், பொருளின் அருமை கருதி எழுத்தின் தளர்ச்சியைப் பொறுத்துக்கொள்ளும் வழக்கம் உடையோம். அது ஆசிரியருக்கும் நன்மை செய்யாது, மாணவர்க்கும் வழிகாட்டாது. ‘கடலுக்கு அப்பால்’ வரலாற்று ஆவணமாகப் போற்றத்தக்கது, நாவலாக வினவத்தக்கது. இவ்விரு அளவுகோல்களையும் பிரித்தறிந்து, இரு நாவல்களையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிப்பதே தக்கதெனக் கருதுகிறோம்.