திருத்தணிச் சாலையும் எஞ்சின் எண்ணெய்க் கசிவும்: ஒரு தொழிலறிவின் வரலாறு

சென்னையையும் திருப்பதியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவது. 1953-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே சென்ற இவ்வூர், ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எல்லைக்கோடு இடம்மாறிய போதும் சாலையின் பயன் மாறவில்லை. திருப்பதிக்குச் செல்லும் அடியார்கள் வழியில் தணிகைமலையையும் வணங்கிச் செல்வதும், 365 படிகளைக் கொண்ட பழைய வழியை நாடாதவர்கள் வாகனத்திலேயே மலைப்பாதையில் கோயில்வரை செல்வதும் நெடுங்கால வழக்கம். சமவெளியில் நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய எஞ்சின், ஓய்வின்றி உடனே மேட்டில் ஏற வேண்டியிருப்பதால், கார்களில் மறைந்திருக்கும் எண்ணெய்க் கசிவு வெளிப்படுவதற்கு இத்தகைய பாதை ஏற்ற களமாகிறது.

சரிசெய்த பின்னும் திரும்பத் திரும்ப வரும் கசிவை, ‘சீல் மாற்றியும் லீக் நிற்கவில்லை’ என்று வாகன உரிமையாளர்கள் முறையிடுவதுண்டு. அம்முறையீட்டுக்குரிய விடை எஞ்சின் எண்ணெயை உள்ளே நிறுத்திவைக்கும் கலை எவ்வாறு வளர்ந்தது என்ற வரலாற்றில் இருக்கிறது. ஏனெனில் அடைப்பு முறை மாறிய ஒவ்வொரு காலத்திலும் கசிவின் காரணமும், அதைக் கண்டறியும் முறையும் சேர்ந்தே மாறியுள்ளன.

இந்தியச் சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த அம்பாசடர் கார், கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை தயாரானது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றிய அதில், தொடக்கத்தில் இருந்த எஞ்சினுக்கு மாற்றாகச் சில ஆண்டுகளுக்குள் பொருத்தப்பட்ட 1489 சி.சி. எஞ்சினின் பின்முனையில், இன்று வழங்கும் பொருளில் ‘ஆயில் சீல்’ எதுவும் இல்லை. பிஸ்டன்களின் மேல்கீழ் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டின் பின்பகுதியில் திருகு மரைபோன்ற வரிப்பள்ளம் ஒன்று வெட்டப்பட்டிருந்தது. தண்டு சுழலும்போது அப்பள்ளம், வெளியேற முயலும் எண்ணெயை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. தண்டையும் உறையையும் ஒன்றோடொன்று உரசவிடாத இம்முறையில் தேய்மானம் குறைவு. ஆனால் எஞ்சின் நின்றுவிட்டால் தடுப்பாற்றலும் நின்றுவிடும் என்பதால், அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றப்பட்ட காரை முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தினால், பின்முனையில் சில சொட்டுகள் விழுவது அந்த அமைப்பின் இயல்பாகவே இருந்தது. அக்காலத்து மெக்கானிக்குகளின் திறமை, இயல்பான சொட்டுக்கும் பழுதான ஒழுகலுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிவதில் அடங்கியிருந்தது.

ஏனைய இணைப்புகளில், அதாவது டேப்பட் கவர், எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியான சம்ப், டைமிங் கவர் ஆகியவற்றின் விளிம்புகளில், கார்க் அட்டையோ காகித அட்டையோ வெட்டி வைக்கப்பட்டது. இதுவே பட்டறை வழக்கில் ‘பேக்கிங்’ எனப்படும் கேஸ்கெட். கார்க் சூட்டில் காய்ந்து சுருங்கும் தன்மையது என்பதால், ஒழுகும் இடத்தில் போல்ட்டை மேலும் இறுக்குவது பலருக்கும் முதல் வைத்தியமாக இருந்தது. ஆனால் அளவு மீறி இறுக்கினால் தகட்டு உறையின் விளிம்பு போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து, இரு போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி மேலெழும்பிவிடும். அதன்பின் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் அவ்விடைவெளி ஒழுகிக்கொண்டே இருக்கும். மீளும் கசிவுகளுள் மனிதக் கையால் உண்டாகும் இவ்வகையை, உறையைச் சமதளத்தில் வைத்துப் பார்த்து, எழும்பிய விளிம்பைத் தட்டி நேராக்கினால்தான் தீர்க்க முடியும்.

ஜெர்மனியின் ஃப்ராய்டன்பர்க் நிறுவனத்தில் வால்டர் ஸிம்மர் 1929-இல் உருவாக்கிய வளைய அடைப்பு, இவ்வரலாற்றின் திருப்பம். முதலில் தோலாலும் பின்னர் செயற்கை ரப்பராலும் செய்யப்பட்ட அவ்வளையத்தின் மெல்லிய உதடு, சிறு ஸ்பிரிங்கின் அழுத்தத்தோடு சுழலும் தண்டைத் தொட்டபடியே எண்ணெயைத் தடுத்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, திருவள்ளூருக்கு அருகே 1998-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கிய மிட்சுபிஷி லான்சர் ஆகிய புதிய தலைமுறைக் கார்கள் பெருகியபோது, ஒரு சொட்டும் கசியக்கூடாது என்ற எதிர்பார்ப்பும் உடன் வளர்ந்தது. எனினும் உதட்டு அடைப்புக்கும் தனிக்குறைகள் உண்டு: நெடுங்காலச் சூட்டில் ரப்பர் விறைத்துப்போகும், உதடு ஓயாமல் தொடுவதால் எஃகுத் தண்டிலேயே நுண்ணிய பள்ளம் விழும். அப்பள்ளம் விரல்நகத்தில் தட்டுப்படும் அளவு ஆழமாயின், அதே இடத்தில் பொருத்தப்படும் புதிய சீலும் விரைவில் ஒழுகும். மெல்லிய உறைக்குழாயைத் தண்டின்மேல் ஏற்றுவதோ, உதடு பள்ளத்தைத் தவிர்த்து அமரும்படி சீலைச் சற்றே தள்ளிப் பொருத்துவதோ அதற்குரிய தீர்வு.

மீளும் கசிவுக்கு மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாத அழுத்தம். எரிபொருள் எரியும்போது சிறிதளவு வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குவது எல்லா எஞ்சினுக்கும் இயல்பு. பழைய எஞ்சின்களில் அவ்வாயு ஒரு குழாய் வழியே வெளிக்காற்றில் விடப்பட்டது. காற்று மாசைக் குறைக்கும் பொருட்டு, அதை மீண்டும் எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும் வால்வு அமைப்பு கலிஃபோர்னியாவில் விற்கப்பட்ட கார்களில் 1961-இல் இடம்பெற்று, பின்னர் உலகெங்கும் பரவியது. பட்டறையில் ‘பிரீதர்’ என வழங்கும் இவ்வழி கசடால் அடைபட்டாலோ, ரிங்குகள் தேய்ந்து வாயு மிகுந்தாலோ, உள்ளழுத்தம் உயர்ந்து, இருப்பவற்றுள் வலுவற்ற அடைப்பின் வழியே எண்ணெயை வெளியே தள்ளும். ஒரு சீலை மாற்றினால் அடுத்த சீல் ஒழுகத் தொடங்குவது இதனால்தான். மலையேற்றத்தில் எஞ்சின் மீதான சுமை கூடும்போது இவ்வாயுவும் கூடுவதால், சமவெளியில் வறண்டிருந்த எஞ்சின் மேட்டில் நனைவதற்கும் இதுவே காரணமாகலாம்.

கண்டறியும் முறை பொறுமையை வேண்டுவது. முதலில் ஒழுகுவது எந்த எண்ணெய் என்று நிறத்தாலும் மணத்தாலும் உறுதிசெய்ய வேண்டும். கியர் எண்ணெய்க்குக் கந்தக நெடி உண்டு, எஞ்சின் எண்ணெய் ஓட ஓடக் கறுக்கும். அடுத்து, எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவி, நன்கு உலரவிட்டு, ஐயத்துக்குரிய இணைப்புகளின்மேல் முகப்பவுடரை மெல்லத் தூவி, சிறிது தூரம் ஓட்டிய பின் விளக்கொளியில் மேலிருந்து கீழாகப் பார்த்துவர, வெண்பொடியில் முதலில் கறுத்த இடமே ஊற்றுக்கண். எண்ணெய் கீழ்நோக்கி வழிவதோடு ஓட்டத்தின் காற்றால் பின்னோக்கியும் பரவுவதால், சொட்டு விழும் இடம் பெரும்பாலும் கசிவின் பிறப்பிடமாக இராது. நீளவாக்கில் எஞ்சின் அமைந்த அம்பாசடர் மேட்டில் ஏறும்போது சம்ப்பிலுள்ள எண்ணெய் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைப் பக்கம் சாயும். குறுக்குவாக்கில் எஞ்சின் அமைந்த மாருதியிலோ, அது கேபினை ஒட்டிய நீள்விளிம்பின் பக்கம் சாயும். ஆகவே ஒரே மலைப்பாதை, இருவேறு கார்களில் இருவேறு இணைப்புகளைச் சோதிக்கிறது.

பின்முனைச் சீலை மாற்றுவதற்குக் கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டியிருப்பதால், அதுவே கூலி மிகுந்த வேலை. டேப்பட் கவரின் பின்விளிம்பில் தொடங்கிய கசிவு, கிளட்ச் உறையின் வழியே வழிந்து பின்முனைச் சீலின் ஒழுகலாகத் தோன்றும்போது, கழுவிப் பார்க்காமல் கியர் பாக்ஸை இறக்கும் பட்டறையில் பணமும் வீணாகிறது, கசிவும் மீள்கிறது. எனவே கார் உரிமையாளர்கள், பெரிய வேலைக்கு இசைவு தருவதற்கு முன் மூன்றைக் கேட்டறிய வேண்டும்: எஞ்சினைக் கழுவி ஓட்டிப் பார்த்தார்களா, பிரீதர் வழி திறந்திருக்கிறதா, எண்ணெயின் அளவு குச்சியிலுள்ள மேல்கோட்டைத் தாண்டாமல் இருக்கிறதா. இம்மூன்றுக்கும் செலவாவது சிறிது மண்ணெண்ணெயும் அரைநாள் பொழுதுமே. அந்த அரைநாளை மெக்கானிக்குக்கு அளிக்கும் உரிமையாளருக்கு அதே கசிவுக்காக இரண்டாம் முறை பட்டறைக்கு வரவேண்டிய தேவை பெரும்பாலும் நேராது.