மாற்றத்தை அறியும் உரிமை: தரவுப் பொருள்களின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மென்பொருளில் ஒரு தரவுப் பொருள் மாற்றமடையும்போது அம்மாற்றம் யாருக்கு, எவ்வாறு தெரிவிக்கப்படுகிறது என்னும் வினா, பாடநூல்களில் வெறும் தொழில்நுட்ப வினாவாகவே இடம்பெற்று வந்துள்ளது. அது தோன்றிய சமூகச் சூழலை நோக்குமிடத்து, உற்பத்தி உறவுகளோடு அதற்குள்ள பிணைப்புப் புலனாகும்.

தரவையும் அதன்மீதான செயல்களையும் ஒருங்கே கொண்ட 'பொருள்' என்னும் கருத்து, ஒஸ்லோவிலுள்ள நோர்வேக் கணினி நிலையத்தில் ஒலே-யொகான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் வடிவம் பெற்றது. (பண்டம், செல்வம், அர்த்தம் ஆகிய மூன்றையும் நம் மொழி 'பொருள்' என்ற ஒரே சொல்லாற் சுட்டுவது தற்செயலாயினும் பொருத்தமானதே.) நைகார்ட் 1970களின் தொடக்கத்தில் நோர்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து பணியாற்றினார். தொழிற்சாலைக்குள் வரும் கணினி எதை அளக்கிறது, எதைப் பதிகிறது, அப்பதிவு யார் கையிற் சேருகிறது என்பவற்றைத் தொழிலாளரே கற்று ஆராய்ந்தனர். 1975இல் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கும் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை, கணினி முறைமைகளைப் பற்றி அறியும் உரிமையையும் அதற்கெனத் தம் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யும் உரிமையையும் தொழிலாளர்க்கு வழங்கிற்று. முதலாளித்துவ எல்லைக்குட்பட்ட சலுகைதான். ஆயினும் சங்க பலத்தாற் பெற்றது.

ஒஸ்லோவிலேயே பணியாற்றிய ட்றிக்வே றீன்ஸ்கௌக், கப்பல் கட்டுந் துறைக்கான ஆட்டோகொன் முறைமையின் உருவாக்கத்தில் முன்னின்றவர். 1978-79இல் கலிபோர்னியாவிலுள்ள செறொக்ஸ் ஆய்வு நிலையத்தில் தங்கியிருந்தபோது, சிக்கலான தகவற் பரப்பொன்றைப் பயன்படுத்துவோர் பல கோணங்களிலிருந்து நோக்கித் தாமே கட்டுப்படுத்துவது எங்ஙனம் என்பதற்கு விடையாக, மாதிரி, தோற்றம், கட்டுப்படுத்தி என்னும் பகுப்பை முன்வைத்தார். அங்கு உருவான ஸ்மோல்டோக்-80 மொழியில் இதற்கான பொறிமுறை எளியது. பொருளொன்றைச் சார்ந்திருப்போர்க்கு ஒரு பட்டியல் உண்டு. பொருள் 'மாறினேன்' என அறிவித்ததும் பட்டியலிலுள்ள ஒவ்வொருவருக்கும் 'புதுப்பித்துக்கொள்' என்ற செய்தி செல்லும். அவர்கள் யாவர், செய்தி பெற்று என்ன செய்வர் என்பதைப் பொருள் அறியவேண்டியதில்லை. கப்பற் பணியொன்றின் முடிவுத் திகதி பிந்துமாயின், கால அட்டவணையும் ஆட்பல வரைபடமும் ஒருங்கே திருந்தும்.

1994இல் காமா, ஹெல்ம், ஜோன்சன், விலிசிடிஸ் ஆகிய நால்வரின் நூல் இதனை 'அவதானி' எனப் பெயரிட்டு வகைப்படுத்திற்று. கைத்தொழில் எங்கும் அது பரவியது. இலக்கிய விமர்சனத்தில் நாம் நன்கறிந்த நிலைமையே இங்கும் நேர்ந்தது: உருவம் நிலைத்தது, உள்ளடக்கம் நழுவிற்று. பட்டியலில் இடம்பெற வேண்டியவர் யார் என்ற வினா பின்தள்ளப்பட்டது.

வேறொரு வழியும் உண்டு. பொருள் வாய் திறவாது. வெளியே நிற்பவர் பழைய மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் ஒப்பிட்டுப் பார்ப்பார். 2010இல் வெளிவந்த அங்குலர்ஜேஎஸ் இவ்வழியையே கைக்கொண்டது. பொருளின் மாற்றத்தை ஜாவாஸ்கிரிப்ட் மொழியே அறிவிக்கவேண்டும் என்ற முன்மொழிவு 2015இல் மீளப்பெறப்பட்டது.

இன்று பொதி விநியோகத் தொழிலாளியின் கைபேசியில் மாறிக்கொண்டிருக்கும் தரவு அவரது இருப்பிடமும் வேகமுமே. அம்மாற்றங்கள் மேலாளரின் திரையைச் சென்றடைகின்றன. அவை வேறு எங்கெங்கு செல்கின்றன என்பதை அறிவோரின் பட்டியலில் அத்தொழிலாளி பெரும்பாலும் இல்லை. 1977ஆம் ஆண்டின் நோர்வேத் தொழிற்சூழற் சட்டத்தின் 12ஆம் பிரிவோ, வேலையைத் திட்டமிடவும் நடத்தவும் பயன்படும் முறைமைகள் பற்றித் தொழிலாளர்க்குத் தெரிவிக்கவேண்டும் என்றும், அவற்றை வடிவமைப்பதில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்றும் விதித்திருந்தது.