ஒலிவடங்களின் கேட்புச் சோதனை

ஒலிவடங்களின் கேட்புச் சோதனை என்பது, மிகைப்பியை ஒலிபெருக்கியுடன் இணைக்கும் இரு வேறு வடங்களுக்கிடையே காதால் உணரத்தக்க வேறுபாடு உண்டா என்பதைக் கண்டறியும் முறையாகும். சில நூறு ரூபாய் முதல் பல இலட்சம் ரூபாய் வரை வடங்கள் விற்கப்படுவதால், வாங்குபவருக்கு இது வெறும் கோட்பாட்டுக் கேள்வி அன்று.

ஏபிஎக்ஸ் முறை

இவ்வகைச் சோதனைக்குப் பெரிதும் பயன்படுவது ஏபிஎக்ஸ் முறை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் ஆகியோர் 1950 இல் இதன் தொடக்க வடிவத்தை வெளியிட்டனர். டேவிட் கிளார்க் 1982 இல் ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில், கேட்பவரே விரும்பியபோது மாற்றிக் கேட்கும் நிலைமாற்றிக் கருவியை விவரித்தார்.

ஏ, பி என்பன இரு வடங்கள். எக்ஸ் என்பது அவற்றுள் ஒன்று. எது என்பது ஒவ்வொரு சுற்றிலும் குலுக்கல் முறையில் முடிவாகும். கேட்பவர் எக்ஸ் எது எனக் கூற வேண்டும். சோதனையை நடத்துபவருக்கும் விடை தெரியக் கூடாது. அவரது முகக்குறிப்பே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். இதனால் இது இரட்டை மறைப்புச் சோதனை எனப்படுகிறது.

16 சுற்றுகளில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகக் கூறுவது வெறும் ஊகத்தால் நிகழ்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 3.8% மட்டுமே. 10 சுற்றுகளில் 8 சரி என்றால் அவ்வாய்ப்பு 5.5%. ஆகவே மூன்று நான்கு முறை சரியாகச் சொன்னதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

ஒலியளவைச் சமன் செய்தல்

வீட்டில் செய்யப்படும் ஒப்பீடுகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். சற்றே உரத்து ஒலிப்பதை மனிதர் "தெளிவானது" என்றே உணர்கின்றனர். எனவே ஒலிபெருக்கியின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து, இரு பக்கமும் 0.1 டெசிபெல்லுக்குள் சமன் செய்தல் வேண்டும்.

வடத்தின் தடிப்பு மட்டுமே இந்த எல்லையை மீறச் செய்யும். 3 மீட்டர் நீளமும் 0.2 சதுர மி.மீ. குறுக்குப்பரப்பும் கொண்ட செப்பு வடத்தில், மின்னோட்டம் போய் வரும் பாதையின் மின்தடை ஏறத்தாழ 0.5 ஓம். 4 ஓம் ஒலிபெருக்கியில் இது 1 டெசிபெல் இழப்பு. 1.3 சதுர மி.மீ. வடத்திலோ இழப்பு 0.2 டெசிபெல்லுக்கும் குறைவு. ஒலிபெருக்கியின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதால், மெல்லிய வடத்தில் இழப்பு எல்லாச் சுருதிகளிலும் ஒரே அளவாக இராது. ஒலியளவைச் சமன் செய்த பின்னும் இது எஞ்சும்.

முடிவுகள்

அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ் 1983 இல் வெளியிட்ட சோதனையில், விலை உயர்ந்த வடத்தையும் ஏறத்தாழ 1.3 சதுர மி.மீ. சாதாரண விளக்கு வடத்தையும் இசையைக் கேட்டுப் பிரித்தறிய முடியவில்லை. 0.2 சதுர மி.மீ. கம்பி இவ்விரண்டையும் விடத் தாழ்ந்ததாகத் தோன்றியது. மேற்கண்ட கணக்கும் இதையே எதிர்பார்க்கிறது.

2007 இல் ஜேம்ஸ் ராண்டியின் அறக்கட்டளை, 7,000 டாலருக்கு மேல் விலையுள்ள வடத்தை மறைப்புச் சோதனையில் இனங்காண்பவருக்கு 10 இலட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. அச்சோதனை நடைபெறவேயில்லை.

விமர்சனம்

குறுகிய ஒலித்துணுக்குகளும் சோதனையின் பதற்றமும் நுண்ணிய வேறுபாடுகளை மறைத்துவிடும் என்பது எதிர்ப்பாளர் வாதம். ஆனால் ஏபிஎக்ஸ் முறை கால வரம்பு எதையும் விதிப்பதில்லை. ஒருவர் தம் வீட்டில், பழகிய இசையை, நாட்கணக்கில் கேட்டும் விடை கூறலாம். மறுபுறம், ஒருவர் தேறாதது அவர் அந்தச் சூழலில் வேறுபாட்டை உணரவில்லை என்பதையே காட்டும். வேறுபாடே இல்லை என நிறுவாது.